சோயாவுக்கு மாற்றில்லை என்னும் வாதம்: ஒரு மறுப்பு

எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்குதான் கால்நடைத் தீவனத்தில் புரதத்தின் முதன்மை ஆதாரம். அந்தப் புண்ணாக்குகளில் சோயாவுக்கு நிகர் எதுவும் இல்லை என்பது தீவன ஆலைகளிலும் பண்ணைகளிலும் இன்று நிலவும் கருத்து. கடலை, எள், பருத்திக்கொட்டை, சூரியகாந்தி, கடுகு, தேங்காய் ஆகியவற்றின் புண்ணாக்குகள் சோயா விலை ஏறும்போது இட்டுநிரப்ப உதவும் இரண்டாந்தரச் சரக்காகவே எண்ணப்படுகின்றன. இதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன: அவற்றின் புரதத்தில் அமினோ அமிலங்கள் சரியான விகிதத்தில் இல்லை, அவற்றில் நச்சுப்பொருள்கள் உள்ளன, நார் மிகுதி, தரம் லோடுக்கு லோடு மாறுகிறது. நான்கும் உண்மைதான். ஆனால் இந்தக் குறைகள் எந்தப் புண்ணாக்கில், எந்தக் கால்நடைக்கு, எந்த அளவில் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒதுக்கும் முடிவு உண்மையன்று.

சோயாவின் இன்றைய தரம் அந்த விதையோடு பிறந்ததும் அன்று. பச்சைச் சோயாவில் டிரிப்சின் என்னும் செரிமான நொதியை முடக்கும் புரதங்கள் இருக்கின்றன. அதைத் தின்ற கோழிக்குஞ்சின் கணையம் வீங்கும்; வளர்ச்சி குன்றும். வேகவைத்த சோயா எலிகளை வளர்க்கிறது, வேகாதது வளர்ப்பதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-இல் காட்டினர். எண்ணெய் பிரித்தபின் புண்ணாக்கை நீராவியில் பதமாக வறுக்கும் முறை பிற்பாடு ஆலைகளில் நிலைபெற்றது. வெப்பம் குறைந்தால் நச்சு மிஞ்சும், கூடினால் லைசின் என்னும் அமினோ அமிலம் கெடும் என்பதால், பதம் பார்க்க யூரியேஸ் சோதனை வழக்கத்துக்கு வந்தது. அப்போதும் மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் தின்ற கோழிகளும் பன்றிகளும் மீன்தூள் போன்ற விலங்குப் புரதம் சேராமல் சரியாக வளரவில்லை. 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகே அந்தக் குறை இன்னதென்று விளங்கியது. சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை வேதிமுறையில் தயாரித்துச் சேர்க்கும் வழக்கமும் பின்னர் பரவியது.

இவ்வளவும் சேர்ந்துதான் இன்றைய சோயாப் புண்ணாக்கு. அதன் குறைகளைக் கண்டபோது ஆய்வுலகம் அதைத் தள்ளி வைக்கவில்லை, ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. மற்றப் புண்ணாக்குகளின் குறைகளோ அவற்றை விலக்குவதற்கான காரணங்களாகவே பட்டியலிடப்படுகின்றன. நூறாண்டு உழைப்பைப் பெற்ற ஒன்றையும் அந்த உழைப்பில் சிறுபகுதியே பெற்றவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதும் விதையில் இருக்கிறது என்று சொல்வது ஒப்பீட்டின் முதல் பிழை.

அமினோ அமில வாதமே இவற்றில் வலுவானது. சோயாப் புண்ணாக்கில் புரதம் ஏறத்தாழ 46 விழுக்காடு, லைசின் 2.8 விழுக்காடு. கடலைப் புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான், லைசினோ 1.5 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் லைசின் இல்லாமல் சதை வளராது. எனவே கடலை சோயாவுக்கு ஈடாகாது என்று வாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் குறையின் அளவைக் கணக்கிட்டால் படம் மாறும். ஒரு டன் தீவனத்தில் 50 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 50 கிலோ கடலைப் புண்ணாக்கைச் சேர்த்தால் குறையும் லைசின் சுமார் 650 கிராம். சந்தையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 விழுக்காடு லைசின் உண்டு. ஆக 830 கிராம் அளவு சேர்த்தால் அந்தப் பள்ளம் நிரம்பும். நுண்ணுயிரிகளை நொதிக்கவைத்து லைசின் தயாரிக்கும் முறை 1950-களின் இறுதியில் ஜப்பானில் உருவாகி, இன்று உலகெங்கும் பெரும் தொழிலாகிவிட்டது. கடலையில் குறையும் திரியோனினும் இதே வழியில் தயாராகிறது.

தூய அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டியிருப்பது ஒரு புண்ணாக்கின் தாழ்வுக்குச் சான்று என்றால், அந்தத் தாழ்வு சோயாவுக்கும் உண்டு. மக்காச்சோளம், சோயா கலந்த கோழித் தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது மெத்தியோனின். அதைச் சேர்க்காமல் எந்தக் கறிக்கோழித் தீவனமும் ஆலையை விட்டு வெளிவருவதில்லை. எள்ளுப் புண்ணாக்கிலோ மெத்தியோனின் சோயாவில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதில் குறைவது லைசின். எள்ளும் சோயாவும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் இணை. அவற்றைப் போட்டியாளர்களாக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பொருத்தமற்றது. எள் உமியில் உள்ள ஆக்சலேட்டும் விதையிலுள்ள பைட்டேட்டும் கால்சியம், துத்தநாகம் ஆகியவற்றைப் பிணைத்துக்கொள்ளும் என்பது மெய். உமி நீக்குவதும், தாதுக் கலவையைக் கூட்டுவதும், பைட்டேஸ் நொதியைச் சேர்ப்பதும் அதற்கான விடைகள். இந்த நொதி 1990-களின் தொடக்கத்திலிருந்தே விற்பனையில் உள்ளது.

மாற்றுப் புண்ணாக்கு கொடுத்த கோழிகள் எடை குறைந்தன என்று காட்டும் பழைய சோதனைகள் பலவற்றில் ஒரே குறைபாடு மீண்டும் மீண்டும் தென்படும். சோயாவை எடுத்துவிட்டு, மொத்தப் புரதம் சமமாகும்படி வேறொன்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். மொத்தப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய எண். அந்த நைட்ரஜன் எந்த அமினோ அமிலத்தில் இருக்கிறது, அதில் எவ்வளவு செரிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. செரிக்கும் அமினோ அமிலங்களையும் எரிசக்தியையும் சமன்செய்து தீவனம் வகுக்கும்போது இடைவெளியின் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. அந்தச் சோதனைகள் சுட்டியது சமன்செய்யாத கலவையின் தோல்வியை. புண்ணாக்கின் தோல்வியாக அது படிக்கப்பட்டது.

மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் விஷயத்தில் அமினோ அமில வாதம் இன்னும் வலுவிழக்கிறது. அசைபோடும் கால்நடை தின்னும் புரதத்தின் பெரும்பகுதியை முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைத்து, தங்கள் உடற்புரதமாக மாற்றிக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிரிகளே பிறகு குடலில் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. சிறுகுடலுக்குப் போய்ச்சேரும் புரதத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு உருவானதே. நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்குத் தீவனத்தில் உள்ள புரதம் கடலையில் இருந்து வந்ததா சோயாவில் இருந்து வந்ததா என்பது பெரிய பொருட்டில்லை. நுண்ணுயிரிகளுக்குப் போதிய நைட்ரஜனும் மாவுச்சத்தும் கிடைத்ததா என்பதே பொருட்டு. கோழிக்குச் சொல்லப்பட்ட லைசின் காரணத்தை மாட்டுத் தீவனத்துக்கும் நீட்டி, சோயா கலந்தது என்பதையே உயர்வாக விளம்பரப்படுத்துவதற்கு ஊட்டவியலில் அடிப்படை இல்லை.

அதிகம் கறக்கும் மாடுகளுக்கு நுண்ணுயிர்ப் புரதம் போதாது. முதல் வயிற்றில் சிதையாமல் நேரே குடலுக்குப் போகும் புரதமும் தேவைப்படும். இங்கும் சோயாவுக்குத் தனி மேன்மை இல்லை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் இவ்வாறு தப்பிச்செல்லும் புரதத்தின் பங்கு இயல்பாகவே கூடுதல். விரைந்து சிதையும் கடுகு, சூரியகாந்திப் புண்ணாக்குகளை அளவாக ஃபார்மால்டிஹைடு கொண்டு பதப்படுத்திச் சிதைவைக் குறைக்கும் முறையைத் தேசிய பால்வள வாரியம் பரப்பியிருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கனோலாவின் புண்ணாக்கைத் தின்ற பசுக்கள் சோயா தின்றவற்றுக்கு ஈடாகவோ சற்றுக் கூடுதலாகவோ பால் கொடுத்தது தெரியவந்தது.

நச்சு வாதத்தில் முதலில் வருவது கடலையின் பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்தப் பூஞ்சையின் நச்சான அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். மாடு தின்னும் அஃப்ளாடாக்சின் பி1-இல் ஒரு சிறு பங்கு எம்1 ஆக மாறிப் பாலில் வெளிவருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் திரட்டிய 6,432 பால் மாதிரிகளில் 5.7 விழுக்காட்டில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் காணப்பட்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்தக் கவலையைச் சிறிதாக்கிப் பேச இடமில்லை.

ஆனால் இதிலிருந்து கடலைப் புண்ணாக்கை விலக்கிச் சோயாவுக்கு மாறினால் போதும் என்ற முடிவு வராது. அதே பூஞ்சை மக்காச்சோளத்திலும் வளர்கிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். பருத்திக்கொட்டையிலும் கொப்பரையிலும் ஈரமாய் அடுக்கிய வைக்கோலிலும்கூட அது வரும். மக்காச்சோளத்தில் நச்சு கண்டபோது யாரும் மக்காச்சோளத்தைக் கைவிடச் சொல்லவில்லை. காயவைத்து, சோதித்து, தேறாத லோடைத் திருப்பி அனுப்பினார்கள். கடலைக்கும் வழி அதுவே. அறுவடைக்கு முன் வறட்சியில் வாடாமல் பார்ப்பது, பிடுங்கிய காயை உடனே காயவைப்பது, சுருங்கிய, உடைந்த, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி நீக்குவது, சேமிப்பில் ஈரம் ஏறாமல் காப்பது ஆகியவை முதல் நிலை. ஆலை வாசலில் விரைவுச் சோதனை இரண்டாம் நிலை. மாட்டுத் தீவனத்தில் பி1 நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டக்கூடாது என்னும் இந்தியத் தர வரம்பைப் பிடித்து நிறுத்துவது அங்கேதான். நச்சைப் பிணைத்து வெளியேற்றும் பெண்டோனைட் போன்ற களிமண் வகைகளைச் சேர்ப்பதும், செனகலில் செய்ததுபோல ஏற்றுமதிப் புண்ணாக்கை அம்மோனியாவால் பதப்படுத்துவதும் மூன்றாம் நிலை. பிழை உலர்த்துவதிலும் சேமிப்பதிலும் இருக்க, விதையைத் தண்டிப்பதால் மக்காச்சோளத்தின் வழியாக வரும் நச்சு நின்றுவிடாது.

பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் வேறு வகை நச்சு. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காக்கப் பருத்திச் செடி இதை உருவாக்குகிறது. கோழி, பன்றி, இளங்கன்று ஆகியவற்றுக்கு இது கேடு. பொலிகாளைகளின் விந்துத் தரத்தையும் பாதிக்கும். முட்டைக்கோழிக்கு மிகுந்தால் சேமித்த முட்டையின் மஞ்சள்கரு பச்சை கலந்த பழுப்பாகும். வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றிலோ காசிபாலின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்து முடங்கிவிடுகிறது. கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுத்த பழக்கம் தலைமுறைகளாகத் தீங்கின்றி நிலைத்ததற்கு இதுவே காரணம். கோழித் தீவனத்தில் சிறிய அளவாக, இரும்பு சல்பேட்டோடு சேர்த்தால், இரும்பு காசிபாலைப் பிணைத்துக்கொள்கிறது. விதையில் மட்டும் காசிபால் உருவாகாத பருத்தியை டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோரின் குழு உருவாக்கியது. 2018-இலும் 2019-இலும் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அதற்கு இசைவளித்தன. நச்சு என்பது விதையின் மாறாத தலைவிதி அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னும் தெளிவான சான்று கடுகுக் குடும்பத்தில் இருக்கிறது. ரேப்சீட் என்னும் விதையின் எண்ணெயில் எரூசிக் அமிலமும் புண்ணாக்கில் தைராய்டைக் கெடுக்கும் குளுக்கோசினோலேட்டும் மிகுதி. கனடாவில் பால்டர் ஸ்டெஃபான்சனும் கீத் டௌனியும் மரபுவழி இனக்கலப்பால் இரண்டையும் குறைத்தனர். இரண்டும் குறைந்த முதல் ரகமான டவர் 1974-இல் வெளிவந்தது. கனோலா என்ற பெயரில் அந்தப் பயிர் இன்று உலகத் தீவனச் சந்தையில் சோயாவுக்கு அடுத்த நிலையில் உள்ள புண்ணாக்குகளில் ஒன்று. சில பத்தாண்டுகளுக்கு முன் தீவனத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கப்பட்ட விதை அது. இந்தியாவிலும் பூசா நிறுவனம் இவ்வாறு இரண்டும் குறைந்த கடுகு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ரேப்சீட் புண்ணாக்கு தின்ற கோழியின் முட்டையில் மீன் வாடை அடிக்கும் என்ற குற்றச்சாட்டையும் முழுதாகப் பார்க்க வேண்டும். பழுப்பு முட்டையிடும் சில இனங்களில் உள்ள ஒரு மரபணுக் குறையால்தான் அந்த வாடை வருகிறது. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை முட்டைக்கோழிகளுக்கு அது பெரிதும் பொருந்தாது.

எல்லா எண்ணெய் வித்தும் தீவனமாகும் என்பது இதன் பொருளன்று. ரிசின் என்னும் நச்சு உள்ள ஆமணக்குப் புண்ணாக்கு எருவாகவே பயன்படுவது சரி. முறையாக நச்சு நீக்கி, சோதித்து உறுதிசெய்யாமல் அதைத் தொழுவத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. வேம்பும் புங்கமும் ஆய்வகப் பதப்படுத்தலுக்குப் பிறகே பேசத்தக்கவை. ஆளிவிதைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. அதிலுள்ள லினாட்டின் வைட்டமின் பி6-ஐ முடக்குவதால் கோழிக்கு ஆகாது. மலேசியாவில் பாமாயில் கொட்டைப் புண்ணாக்கை இறைச்சி மாடுகளுக்குத் தீவனத்தின் பெரும்பகுதியாகவே கொடுக்கிறார்கள். அதே புண்ணாக்கு மிகுந்தால் செம்பு நச்சேறிச் செம்மறியாடுகள் இறக்கும். ஒரு புண்ணாக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பதையே இவை காட்டுகின்றன. எந்த இனம், எந்த வயது, எந்த அளவு என்று கேட்டால்தான் விடை உண்டு.

நார் மிகுதி என்னும் மூன்றாவது காரணம் பெரும்பாலும் ஆலையைப் பற்றியது. தோலோடு ஆட்டிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் புரதம் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தோல் நீக்கி ஆட்டினால் அது 40-ஐ நெருங்கும். சூரியகாந்தியிலும் இதே கதை. இந்தியாவில் பருத்திக்கொட்டையின் பெரும்பகுதி இன்னும் தோலோடுதான் ஆட்டப்படுகிறது. ஆகவே இங்கே கிடைக்கும் சரக்கின் தாழ்ந்த புரதம் விதையின் அளவு அன்று, இயந்திரத்தின் அளவு. மாட்டுக்கு நார் இழப்பும் அன்று. கோழிக்கு எரிசக்தி குறையும் என்பது மெய்; சூரியகாந்திப் புண்ணாக்கோடு சிறிது எண்ணெய் சேர்த்து அதை ஈடுசெய்யலாம், நார் சிதைக்கும் நொதிகளும் உதவும். சோயாவிலும் கோழி செரிக்காத ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் உண்டு. அவற்றைக் குறிப்பிட்டுச் சோயாவை ஒதுக்கியவர் எவரும் இல்லை.

தரம் மாறுகிறது என்னும் நான்காவது காரணத்தில் நடைமுறை நியாயம் மிகுதி. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் பத்து விழுக்காடு வரை இருக்கும். எக்ஸ்பெல்லரில் அது குறையும். கரைப்பான் கொண்டு பிரித்ததில் ஒன்றை ஒட்டியே நிற்கும். எரிசக்தியும் கெட்டுப்போகும் வேகமும் இதற்கேற்ப மாறும். எக்ஸ்பெல்லரில் சூடு மிஞ்சினால் லைசின் கருகும். மணலும் உமியும் கலப்படமும் வரும். ஆனால் யூரியா கலந்து புரதத்தை உயர்த்திக்காட்டும் மோசடி நைட்ரஜனை மட்டும் அளக்கும் சோதனையில் எந்தப் புண்ணாக்கிலும் தப்பிவிடும். வறுத்த பதம் பிசகிய சோயாவும் சந்தைக்கு வருவதுண்டு. சோயாவில் மாறுபாடு குறைவாகத் தெரிவதற்குப் பெரிய ஆலைகளும் எழுதப்பட்ட தர வரையறையும் லோடுக்கு லோடு சோதனையும் காரணம். அதே வரையறையும் சோதனையும் இல்லாமல் வாங்கப்படும் கடலைப் புண்ணாக்கில் மாறுபாடு இருப்பது வியப்பில்லை. அகச்சிவப்புக் கருவியால் ஓரிரு நிமிடத்தில் புரதம், எண்ணெய், நார், ஈரம் ஆகியவற்றைப் படிக்கும் வசதி பெரிய தீவன ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சோயாவுக்கு மட்டும் பயன்படுத்துவது ஆலையின் தேர்வு.

சோயாவைச் சார்ந்தே தீவனம் வகுப்பதற்கு ஒரு விலையும் உண்டு. நிலவும் கருத்து அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1972-இல் பெருவின் நெத்திலி மீன்வளம் சரிந்து மீன்தூள் குறைந்தது. புரதத் தேவை சோயாமீது விழுந்தது. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஜப்பானும் ஐரோப்பாவும் ஒரே நாட்டின் ஒரே பயிரை நம்பியிருந்ததன் பொருளை அப்போது உணர்ந்தன. ஜப்பான் பிரேசிலில் சோயாவை வளர்க்க முதலீடு செய்தது; ஐரோப்பா ரேப்சீடையும் சூரியகாந்தியையும் ஊக்குவித்தது. இந்தியாவில் அந்தப் பாடம் 2021-இல் வந்தது. சில மாதங்களில் சோயாப் புண்ணாக்கின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதிக்காத நாட்டில், மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய ஆகஸ்டில் ஒன்றிய அரசு இசைய வேண்டியதாயிற்று. மாற்றுகளுக்கான செரிமான அளவுகளும் சோதனை முறைகளும் கைவசம் வைத்திருக்கும் ஆலை அத்தகைய மாதங்களில் கலவையை மாற்றிக்கொள்ளும். வைத்திராத ஆலை கேட்ட விலையைக் கொடுக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியன்று. இங்கே சோயா பெயரளவுக்கே விளைகிறது. நாமக்கல் முட்டைக்கோழிகளுக்கும் பல்லடம் கறிக்கோழிகளுக்கும் அது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் முதலிய இடங்களில் இருந்து வண்டிக்கூலி கொடுத்து வருகிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலையும் காவிரிப் படுகையிலும் ஈரோட்டுப் பக்கத்திலும் எள்ளும் விளைகின்றன. காங்கேயம் வட்டாரக் கொப்பரை ஆலைகளில் தேங்காய்ப் புண்ணாக்கு குவிகிறது. மூட்டை விலையை மட்டும் பார்த்தால் ஒப்பீடு சரியாக வராது. செரிக்கும் புரதம் கிலோவுக்கு என்ன விலை, சேர்க்க வேண்டிய லைசினுக்கும் எண்ணெய்க்கும் சோதனைக்கும் எவ்வளவு, வண்டிக்கூலி எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் அந்தக் கணக்கில் சோயாவே வெல்லும். சில மாதங்களில் தோற்கும்.

சோயாவுக்கு உரிய இடம் குறுகியது, ஆனால் உறுதியானது. முதல் பத்து நாள் கறிக்கோழிக் குஞ்சுக்கும் பால் மறந்த பன்றிக்குட்டிக்கும் எளிதில் செரிக்கும் புரதம் செறிவாக வேண்டும். அங்கே சோயாவை எடுத்துவிட்டுச் சமன்செய்வது கடினம். மிச்சமாகும் காசும் சிறிது. வளர்ந்த கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் சோயாவின் ஒரு பகுதியை எள், கடலை, சூரியகாந்தி ஆகியவற்றுக்கு, சோதனையோடும் அமினோ அமிலச் சேர்க்கையோடும், விட்டுக்கொடுக்கலாம். கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் சோயா இல்லாமலே முழுத் தீவனம் வகுக்கலாம். இதற்கு வேண்டியவை மூன்று: புண்ணாக்குவாரியாக இனத்துக்கும் வயதுக்கும் உரிய மேல்வரம்பு, செரிக்கும் அமினோ அமில அட்டவணை, ஆலை வாசலில் நச்சுச் சோதனை. இவை மூன்றும் இருக்கும் ஆலையில் சோயாவின் அளவும் மற்றப் புண்ணாக்குகளின் அளவும் ஒரே கணக்கில், ஒரே அளவுகோலில் முடிவாகும். அவை இல்லாத இடத்தில்தான் சோயாவுக்கு மாற்றில்லை என்ற கருத்து கேள்வியின்றி நிற்கிறது.